சிவப்புத் திரை காட்டிய இடம்

"தரகர் வந்தாச்சு. மாப்பிள்ளையைக் காணல்ல" என்றான் சிஜின்.

லீலாபாய் தினசரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாருக்க கல்யாணம்லே?"

"நம்ம கம்ப்யூட்டருக்க கல்யாணம், ஏட்டம்மா. காலத்தே இருந்து மூணு தடவ நின்னு போச்சு."

வடசேரி பஸ் நிலையத்துக்கு எதிரே, பழக்கடைக்கு மேலே, ஒற்றை ஜன்னல் அறை. லீலாபாய் போலீசில் ஏட்டாக இருந்து விலகி வந்து இந்தத் துப்பறியும் நிலையத்தைத் தொடங்கினாள். வருவதெல்லாம் கல்யாண விசாரணை. பையன் குடிப்பானா, பெண்ணுக்கு வேறு பேச்சு உண்டா. சிஜின் கருங்கல்காரன். பொறியியல் படித்து, சென்னையில் இரண்டு கம்பெனிகளில் இருந்து, இரண்டிலும் மேலாளரைத் திட்டிவிட்டு ஊருக்கு வந்தவன். முப்பது வயது. அவனை விசாரித்து யாரும் இதுவரை வரவில்லை.

"வெளங்கும்படி சொல்லு."

"இந்தக் கோப்புக்குள்ள இருக்கியது எல்லாம் வெறும் எண்ணு. அத மனுசன் வாசிக்கிய கட்டளையாட்டுப் பிரிச்சுத் தாறதுக்கு ஒரு லைப்ரரி உண்டு. அதுதான் மாப்பிள்ள. அவரு சி மொழிக்காரரு. நான் பைத்தான்காரன். நேரா பேசிக்கிட மாட்டோம். நடுவில பைண்டிங்னு ஒண்ணு வேணும். அதுதான் தரகரு. தரகர ஏத்தியாச்சு. அவரு உக்காந்து காப்பியும் குடிச்சுட்டு, மாப்பிள்ளைய எங்கயும் காணல்லன்னு சொல்லுகாரு."

திரையில் ஒரே வரி இருந்தது. நூலகத்தை ஏற்ற முடியவில்லை.

லீலாபாய் தினசரியை மடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இன்று சனிக்கிழமை. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மேசைமேல் அந்தக் கோப்பு வந்த பென்டிரைவ் இருந்தது. அதை இசபெல்லின் மகன் டிஜோ கொண்டுவந்து தந்திருந்தான்.

இசபெல் மேலத்துறைக்காரி. அவள் கணவர் ஏசுஅடிமை 'ஆரோக்கியமாதா' என்ற விசைப்படகில் தலைவராகப் போனவர். போன வருடம் கடலில் படகுக்குள் தண்ணீர் ஏறியது. அவர் வயர்லெஸ்ஸில் இடத்தைச் சொன்னார். ஊர்ப் படகுகள் அங்கே ஓடின. அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது. ஒரு வாரம் தேடினார்கள். பிறகு வேறு ஊர்ப் படகு ஒன்று ஆரோக்கியமாதாவைக் கண்டது. கவிழ்ந்து கிடந்தது. சொன்ன இடத்திலிருந்து பதினெட்டு மைல் தள்ளி. நங்கூரம் கீழே கல்லில் பிடித்தபடி இருந்தது. ஆகவே படகு நகரவில்லை. சொன்ன இடம்தான் பொய்.

இரண்டு பேர் கயிற்றால் தங்களைப் படகோடு கட்டியிருந்தார்கள். அவர்கள் உடனே சாகவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மற்ற நாலு பேர் கிடைக்கவில்லை. ஏசுஅடிமை அந்த நாலில் ஒருவர்.

நல்ல மீன் கிடைக்கும் இடத்தை வயர்லெஸ்ஸில் யாரும் உண்மையாகச் சொல்வதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் படகெல்லாம் வந்துவிடும். இது கடலில் குற்றம் இல்லை. எல்லோரும் செய்வது. ஆனால் படகு முங்கும்போது யாரும் அதைச் செய்வதில்லை. ஏசுஅடிமை செய்தார் என்றது ஊர். சாகும்போதும் இடத்தை ஒளித்தான், ஐந்து பேரைக் கொன்றான்.

நாளைக்கு ஆண்டுத் திருப்பலி. ஐந்து வீட்டாரும் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆட்களின் பேரோடு அவன் பேரை வாசிக்கக் கூடாது. ஆதாரம் இருந்தால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொண்டுவா, வாசிக்கச் சொல்கிறேன் என்று பங்குச் சாமியார் இசபெல்லிடம் சொல்லியிருந்தார்.

"வேற ஒண்ணும் வேண்டாம் ஏட்டம்மா" என்று இசபெல் அன்று சொன்னாள். "எங்க மாப்பிளைக்க பேரு அந்தப் பேருவளுக்க கூட இருக்கணும்."

ஆதாரம் இந்தக் கோப்பில்தான் இருக்க வேண்டும். டிஜோ அப்பாவின் செல்லுக்கு ஒரு செயலி எழுதிக் கொடுத்திருந்தான்; இந்தக் கோப்பு அதன் பிரதி. திரையில் எப்போதும் ஒன்பது மைல் தள்ளிய இடம் தெரியும். வேலைக்கு வருகிறவன் எட்டிப் பார்த்தாலும் கிடைப்பது பொய். ஆபத்துக்கு ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் திரை சிவப்பாகும். உண்மையான இடம் தெரியும்.

பட்டனை அமுக்கிப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்று ஏசுஅடிமை கடைசியாக வயர்லெஸ்ஸில் சொன்னார். அதை ஊர் நம்பவில்லை. அமுக்கியிருந்தால் சரியான இடம் வந்திருக்குமே.

ஊர்க்கூட்டத்தில் அப்படிச் சொன்னவன் டிஜோதான்.

"செயலிய எழுதின மூலம் இருந்த லேப்டாப் கெட்டுப்போச்சு" என்று டிஜோ அம்மாவோடு இங்கே வந்தபோது சொன்னான். "இந்தக் கோப்பு மட்டுந்தான் பாக்கி. இதப் பிரிச்சு வாசிக்கியதுக்கும் வழி உண்டுமா? நான் கேள்விப்பட்டதே இல்ல." பென்டிரைவை மேசைமேல் வைத்துவிட்டு, எல்லோருக்கும் டீ வாங்க அவனே கீழே இறங்கிப் போனான். நல்ல பையன் என்று லீலாபாய் நினைத்தாள்.

"டிஜோவுக்குப் போன் போடு" என்றாள் இப்போது. "அப்பனுக்க செல்லு என்ன வகைன்னு கேளு. சத்தமா போடு, நானும் கேக்கேன்."

டிஜோ செல்லின் வகையைச் சொன்னான். பின்னால் ஏதோ மிஷின் ஓடும் சத்தம். அவனுக்குக் கருங்கல்லில் ஒரு பிளக்ஸ் கடையில் வேலை.

"மக்கா, இங்க தரகர் மட்டும் வந்து நிக்காரு" என்றான் சிஜின். "லைப்ரரி ஏறலன்னு சொல்லுகு."

"கோர் லைப்ரரிய ஏத்தல்ல அண்ணே" என்றான் டிஜோ. "பைண்டிங் தனி, கோர் தனி. பழைய பைண்டிங்க எடுத்துட்டு, ரெண்டையும் ஒரே வெர்ஷனாட்டு ஏத்துங்க. இல்லன்னா ஏறினாப்பல இருக்கும், பின்ன தப்புத் தப்பா வரும். ஏறினதுக்கப்புறம் தம்ப் மோடு போடுங்க. அது போடாட்டா குப்பைதான் வரும்."

"ஒன்ன ஆண்டவர் காக்கட்டும்" என்றான் சிஜின்.

போனை வைத்தான். பழையதை எடுத்தான். இரண்டையும் ஏற்றினான். பிழை வரி போனது.

"மாப்பிள்ள வந்தாரு, ஏட்டம்மா. வேட்டி கொஞ்சம் கசங்கியிருக்கு. ஆனா வந்தாரு."

கோப்பைக் கொடுத்தான். திரை முழுக்கக் கட்டளைகள் ஓடின. அவன் முகம் சுருங்கியது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தொடர்பு இல்லை. குடிகாரன் பேச்சு மாதிரி இருந்தது.

"நாலு நாலு எண்ணாட்டுச் சேத்து வாசிக்கியேன்" என்றான். "அவன் சொன்னது சரிதான். ரெண்டு ரெண்டாட்டு வாசிக்கணும். அதுக்குப் பேருதான் தம்ப் மோடு."

மாற்றினான். அதே எண்கள். இப்போது அவை பேசின. அவன் விரலை வைத்து மெதுவாகக் கீழே வந்தான். லீலாபாய் எழுந்து அவன் பின்னால் நின்றாள்.

"இதுதான் பட்டன். அமுக்கினா இங்க வருகு. திரையில கிடக்கிய பொய்யான இடத்த எடுக்கு. இன்னொண்ணுல அந்த ஒம்பது மைல எடுக்கு. பின்ன..."

நிறுத்தினான்.

"சொல்லுலே."

"கழிக்கி" என்றான் சிஜின். "பொய்யிலேருந்து ஒம்பதக் கழிச்சா உண்மை. சரியாத்தான் எழுதியிருக்கான். பட்டன அமுக்கியிருந்தா சரியான இடம்தான் வந்திருக்கும்."

கீழே பழக்கடைக்காரன் நேந்திரன் குலையை இறக்கிக்கொண்டிருந்தான். இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"அப்போ அந்த மனுசன் பொய்தான் சொல்லியிருக்காரு" என்றான் சிஜின். "ஏட்டம்மா, இத அந்த அம்மைட்ட நான் சொல்ல மாட்டேன். என்ன வேலைய விட்டு நிறுத்தினாலும் சரி. ஏற்கெனவே ரெண்டு இடத்துல நிறுத்தியாச்சு."

லீலாபாய் கதவருகே போனாள். செருப்பைத் தேடிப் போட்டாள்.

"ஒனக்கு அந்தத் தரகரு சமாச்சாரம் புரிய எவ்வளவு நேரம் ஆச்சு?"

"காலத்தே இருந்து மண்டைய உடைக்கேன்."

"அவனுக்கு?"

சிஜின் அவளைப் பார்த்தான்.

"ஒரு மூச்சுல சொன்னான்" என்றாள் லீலாபாய். "எதுல எங்க இடறும், இடறினா என்ன செய்யணும், எல்லாம். இப்படி ஒண்ணு உண்டுன்னே கேள்விப்படாதவன். இடறி விழுந்தவனுக்குத்தான்லே அந்தக் கல்லு எங்க கிடக்குன்னு தெரியும்."

"அவன் எதுக்கு இத ஏத்தணும்? அவன் எழுதின புரோகிராம். பிரிச்சுப் பாத்துத்தான் தெரியணுமா?"

"பாக்கதுக்கு வேண்டாம். மாத்தணும்னா?"

சிஜின் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தான்.

"வேற காப்பி இருக்கா?"

"இருக்கு. அவன் டீ வாங்கப் போனப்போ அம்மை சொன்னா. வயர்லெஸ் இஸ்ரவேலுக்க செல்லுல அப்பனே போட்டுக் குடுத்தாராம். மொவனுக்குத் தெரியாம."

*

கருங்கல்லில் பஸ் மாறினார்கள். சனிக்கிழமைக் கூட்டம். ஜன்னல் பக்கத்தில் ஒரு ஆள் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

"எங்க வீடு அந்தா, அந்த வளைவுக்குள்ள" என்றான் சிஜின். "இறங்கினா சோறு கிடைக்கும். கூடவே என்னைக்குலே கல்யாணம்னு கேப்பாவ. அதவிடப் பசியே கொள்ளாம்."

"நீ அந்த லைப்ரரியப் போல. தனியா ஏத்தணும்."

"தரகர் எல்லாம் ஓடிப் போயாச்சு, ஏட்டம்மா."

லீலாபாய் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

மேலத்துறையில் கோயிலை ஒட்டி வயர்லெஸ் அறை. இஸ்ரவேல் ஒருகாலத்தில் கடலுக்குப் போனவர். முழங்கால் போனபின் கரையில் இருந்து படகுகளோடு பேசுகிறார். ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"நான் கேட்டது எனக்குத் தெரியும்" என்றார். "ரெண்டு தடவ வாசிச்சான். பைய. கோயில்ல வாசகம் வாசிக்கியது போல. பட்டன அமுக்கியாச்சு மச்சான், பாத்துத்தான் சொல்லுகேன்னு சொன்னான். பின்ன தண்ணிச் சத்தம்."

"ஊர்க்கூட்டத்துல இத சொன்னியளா?"

"சொன்னேன். கேக்கணுமே. அவனுக்க மொவனே எந்திச்சு நின்னு, பட்டன அமுக்கினா சரியான இடம்தான் வரும்னு சொல்லுகான். பெத்த பிள்ளையே சொன்னதுக்கப்புறம் நான் என்னத்த பேச?"

"அந்தப் பிள்ள எப்படிச் சொன்னான்? அழுதானா?"

இஸ்ரவேல் யோசித்தார். "தரையப் பாத்துச் சொன்னான்."

அவர் செல்லில் ரப்பர் பேண்டு போட்டிருந்தது. பின்மூடி விழாமலிருக்க.

"இது எதுக்கு ஒங்க செல்லுல போட்டாரு?"

"இந்தச் சிவப்பு வந்தா உள்ளது, வராட்டா பொய்யின்னு கரையில ஒருத்தனாவது அறிஞ்சிருக்கணும்னு சொன்னான். வேற யாரையும் அவன் நம்பமாட்டான். மொவன் அறிஞ்சா வீட்டுல வழக்குப் பிடிப்பான்னு ஒளிச்சு வெச்சோம். இந்தக் கோப்பத் தொட்டதே இல்ல. தொடவும் எனக்குத் தெரியாது."

சிஜின் வயரைச் சொருகினான். கோப்பு லேப்டாப்புக்கு வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒரே அளவு. ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னான். ஒரே ஒரு இடம் மட்டும் வேறாக இருந்தது. பென்டிரைவில் 1A. இஸ்ரவேலின் செல்லில் 18.

பைண்டிங்கை அழைத்தான். இந்தமுறை ஒன்றும் இடறவில்லை. கட்டளைகள் வந்தன. அவன் விரல் பட்டனில் தொடங்கிக் கீழே இறங்கியது. அதே வரியில் நின்றது.

கழி இல்லை. கூட்டு.

லீலாபாய் அவன் காதருகே குனிந்தாள். "சொல்லு. சத்தம் வேண்டாம்."

"திரையில ஏற்கெனவே ஒம்பது மைல் தள்ளிக் கிடக்கு. அதுலேருந்து கழிக்கணும். இது கூட்டுகு. இன்னொரு ஒம்பது."

"பதினெட்டு."

"பதினெட்டு" என்றான் சிஜின்.

லீலாபாய் நிமிர்ந்தாள். பஸ்ஸில் வரும்போது அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். பொய் சொல்ல நினைக்கிறவனுக்குப் பட்டன் வேண்டாம். எப்போதும் தெரியும் திரையைப் பார்த்துச் சொன்னால் போதும். அப்போது படகு ஒன்பது மைலில் கிடைத்திருக்கும். ஒருவன் முங்கும் படகில் நின்று பொய்யை இரண்டு மடங்கு ஆக்கமாட்டான். பட்டனை அமுக்கினால் மட்டும்தான் அந்த எண் வரும்.

"இத அவன் போட்டுப் பாக்காமலா குடுத்தான்?" என்றாள்.

சிஜின் இன்னும் மேலே போனான். நேரம் எடுத்தது.

"பாத்திருப்பான். இங்க நின்னு பாத்திருப்பான்" என்றான். "கரை தெரியிய தூரத்துல பொய் காட்டப்பிடாது. கோயில் கோபுரத்த வெச்சே கண்டுபிடிச்சுருவாவ. அதனால கரைப் பக்கம் தள்ளுகியத பூஜ்யமாட்டு வெச்சிருக்கான். இந்த மணல்ல நின்னு பட்டன அமுக்கினா பூஜ்யத்தக் கூட்டும். சரியான இடம்தான் வரும். கூட்டினாலும் கழிச்சாலும் இங்க ஒண்ணுதான்."

"கடல்ல?"

"கடல்ல போய் யாரு பட்டன அமுக்கிப் பாத்தா? அமுக்கினா சிவப்பாகும். கூட நிக்கியவனுக்கு உண்மையான இடம் தெரிஞ்சுரும். அப்பன் அமுக்கியிருக்க மாட்டாரு."

"ஒரு தடவ அமுக்கினாரு" என்றாள் லீலாபாய்.

இஸ்ரவேல் திரும்பிப் பார்த்தார். "வல்லதும் கிடைச்சுதா?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள்.

*

கோயில் முற்றத்தில் டிஜோ ஏணிமேல் நின்று பிளக்ஸ் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு முனை கட்டியாகிவிட்டது. மறுமுனை காற்றில் அடித்தது. முதலாம் ஆண்டு நினைவு, 2014–2015. கீழே ஐந்து முகங்கள். நடுவில் பேபி. எல்லோரிலும் இளையவன்; கயிற்றோடு கிடைத்த இருவரில் ஒருவன். கல்யாணப் படத்திலிருந்து அவன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். தோளில் யாரோ ஒருத்தியின் விரல் தெரிந்தது.

"இத யாரு செய்தது?" என்றாள் லீலாபாய்.

"நான்தான். எங்க கடையில." டிஜோ இறங்கி வந்தான். கையில் பிளாஸ்டிக் கயிறு. "ஆறு படம் வெச்சாலும் இடம் இருக்கும். அவிய அஞ்சு போதும்னாவ."

"இஸ்ரவேலுக்க செல்லுல ஒரு காப்பி இருக்கு மக்கா" என்றான் சிஜின்.

டிஜோ கயிற்றை விரலில் சுற்றினான். அவிழ்த்தான். மறுபடி சுற்றினான்.

"அப்பா அதச் சொல்லல்ல" என்றான்.

"நீ எப்போ அறிஞ்ச?"

"படகு கிடைச்ச அன்னைக்கு. பதினெட்டுன்னு சொன்னாவ. எனக்கு உடனே தெரிஞ்சுது. வீட்டுக்குப் போயி பாத்தேன். ஒரே ஒரு வரி. ஒரு குறி." அவன் கையால் காற்றில் கூட்டல் போட்டான். "அன்னைக்கே மூலத்த எல்லாம் அழிச்சேன்."

"லேப்டாப் கெட்டுப்போகல்ல."

"இல்ல."

"கூட்டத்துல எதுக்கு அப்படிச் சொன்ன?"

"பேபிக்க தம்பி கேட்டான். ஒனக்க பட்டன் சரிதானாலேன்னு எல்லாருக்க முன்னாலயும் கேட்டான். சரின்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்பாவுக்கு மேல வந்து விழும்னு அந்நேரம் நெனைக்கல்ல. பின்ன நெனச்சேன். பின்ன எப்படி மாத்திச் சொல்ல?"

காற்று பிளக்ஸை அடித்தது. ஐந்து முகங்களும் மடங்கி விரிந்தன.

"அம்மை ஒங்கள வேலைக்கு வெப்பான்னு நெனைக்கல்ல" என்றான். "கோப்பக் கேட்டிய. மூலம் இல்ல. அந்த ஒரு எண்ணு எங்க கிடக்குன்னு தெரியல்ல. அதுக்குத்தான் அந்த லைப்ரரிய எறக்கினேன். ரெண்டு நாளு எனக்கும் அது ஏறல்ல அண்ணே."

சிஜின் தலையசைத்தான்.

"அம்மைட்ட சொல்லாதிய, ஏட்டம்மா."

"எனக்கு வேலை தந்தது ஒனக்க அம்மை."

"தெரியும்" என்றான் டிஜோ. ஏணியில் ஏறினான். மறுமுனையைப் பிடித்தான். கட்டவில்லை. பிடித்துக்கொண்டு நின்றான்.

*

இசபெல்லின் வீடு முற்றத்துக்கு அந்தப் பக்கம். கதவில் மூன்று வெட்டுத் தழும்புகள். யாரோ மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். மெழுகு மஞ்சளாகியிருந்தது.

அவள் வெள்ளைச் சேலை கட்டித் தயாராக இருந்தாள். சாமியாரிடம் போவதற்கு.

"முடிஞ்சுதா ஏட்டம்மா?"

"முடிஞ்சுது."

"அவரு பட்டன அமுக்கினாரா?"

லீலாபாய் சிஜினைப் பார்த்தாள்.

"அமுக்கினாரு அக்கா" என்றான் சிஜின். "பாத்ததத்தான் சொன்னாரு. ஒரு எண்ணு கூட மாத்தல்ல."

இசபெல் சேலைத் தலைப்பை எடுத்து வாயில் கடித்தாள். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. லீலாபாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள் இசபெல் கடைசியில். "அவரு கஞ்சத்தனம் உள்ள ஆளுதான். உப்பக்கூட அளந்து வாங்குவாரு. ஆனா பேபிய அவருதான் கூட்டிட்டுப் போனாரு. கல்யாணம் முடிஞ்ச பையன், ரெண்டு காசு கிடைக்கட்டும்னு." முகத்தைத் துடைத்தாள். "பின்ன அந்த இடம் எப்படித் தப்பாச்சு?"

"செல்லு தப்பாக் காட்டிச்சு" என்றாள் லீலாபாய்.

வெளியே ஏணி சுவரில் இடித்தது. இசபெல் அந்தப் பக்கம் திரும்பினாள். வாசல் வழியே டிஜோவின் கால்கள் மட்டும் தெரிந்தன.

அவள் வெகுநேரம் அந்தக் கால்களைப் பார்த்தாள்.

"அது டிஜோ எழுதினதுல்லா" என்றாள்.

லீலாபாய் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"படகு கிடைச்ச அன்னையிலேருந்து."

"ராத்திரி சோறு வெச்சா தொடமாட்டான். ஒரு வருசமா. அப்பன நெனைக்கியான்னு நெனச்சேன்." நிறுத்தினாள். "ஒங்களுக்கு அவன் தந்த கோப்பு?"

"மாத்தித் தந்தான்."

இசபெல் எழுந்தாள். கதவருகே போனாள். மெழுகு அடைத்த தழும்புகளில் ஒன்றின்மேல் விரலை வைத்தாள்.

"இது பேபிக்க தம்பி வெட்டினது. பொணத்த அடக்கிட்டு நேரா இங்க வந்தான். உள்ள நானும் டிஜோவும் நிக்கோம். செத்துப்போன ஆளுக்க மேல உள்ள கோவம் இது. இருக்கியவன் மேலன்னா என்ன செய்வான்?"

"போலீஸ்ல சொல்லலாம்" என்றாள் லீலாபாய். சொன்னபின் அவளுக்கே அது நம்பிக்கையாக இல்லை.

"அவன் வேணும்னு செய்யல்ல. ஆனா அஞ்சு வீட்டுக்கு அத சொல்ல முடியுமா? கயிறு கெட்டிக் கிடந்த ரெண்டு பேருக்க அம்மைக்குச் சொல்ல முடியுமா, ஒரு குறி மாறிப் போச்சுன்னு?"

சிஜின் லேப்டாப் பையின் ஜிப்பைத் திறந்தான். மூடினான்.

"சாமியாருட்ட நான் சொல்லிக்கிடுகேன்" என்றாள் இசபெல்.

"என்னன்னு?"

"ஏட்டம்மா வந்து பாத்தாவ, எங்க மாப்பிள பொய்தான் சொல்லியிருக்காருன்னு."

"அக்கா, அவரு உண்மைதான..."

"தெரியும் மக்கா. நீ சொன்னியே. அது எனக்குப் போதும்."

"நான் பொய் எழுதித் தரமாட்டேன்" என்றாள் லீலாபாய்.

"எழுதாண்டாம். ஒண்ணும் எழுதாதிய. நான்தான ஒங்கள வெச்சேன். நானே நிறுத்துகேன்."

"அந்த அஞ்சு வீட்டுக்காரருக்கும் உண்மை தெரியாண்டாமா?"

இசபெல் அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை. "எனக்கு வேற பிள்ள இல்ல" என்றாள்.

லீலாபாய் தன் பையைத் தோளில் போட்டாள். போலீசில் இருந்தபோது இப்படி ஒரு வாசலில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். அது தெளிவாகத் தெரிந்தது. இப்போது செய்ய வேண்டியது தெரியவில்லை.

"அவன் கேப்பான்" என்றாள் இசபெல். "அம்மைட்ட ஒண்ணும் சொல்லல்லன்னு சொல்லுங்க."

*

சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் கோயில் படியில் நின்றிருந்தார். நாளைக்குப் பேர் வாசிப்பவர் அவர்தான். இசபெல் வருவதைக் கண்டு கீழே இறங்கினார்.

"என்ன இசபெல்? அஞ்சா, ஆறா?"

"அஞ்சு" என்றாள்.

அவர் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினார். அவள் நிற்கவில்லை.

ஏணிமேல் டிஜோ திரும்பி லீலாபாயைப் பார்த்தான். சொல்லவில்லை என்பதுபோல் லீலாபாய் தலையசைத்தாள். அவன் மூச்சு விட்டது கீழே நின்ற சிஜினுக்குக் கேட்டது. டிஜோ பிளக்ஸின் மறுமுனையை இழுத்தான். காற்று அதைப் பிடுங்கியது. ஏணி ஒரு பக்கமாகச் சரிந்தது.

சிஜின் ஓடினான். அதற்குள் இசபெல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவள் தலைக்கு மேலே ஐந்து முகங்களும் விறைத்து நின்றன.

"பைய கெட்டு மக்கா" என்றாள். "நான் பிடிச்சிருக்கேன்."